குச்சிக்கிழங்கு வேரும் வருண ஜபமும்

(சேலம் ஜில்லாவில் குச்சிக்கிழங்கு விளையும் ஒரு சிற்றூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சென்ற தடவை இந்த ஊரில் நாம் பேசி முடிக்கும் சமயத்தில் ஒரு துண்டுக் காகிதம் மேடைக்கு வந்தது. அதில் ஒரு தோழர் பின்வருமாறு கேட்டிருந்தார்: "கண்ணுக்குத் தெரியாத கடவுளை நம்பாதே என்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமியை மட்டும் நீங்கள் எப்படி நம்புகிறீர்கள்? நாங்கள் பூசாரி பேச்சை நம்புகிறோம். நீங்கள் விஞ்ஞானி பேச்சை நம்புகிறீர்கள். இரண்டும் நம்பிக்கைதானே?"

அன்று நேரமாகிவிட்டபடியால் பதிலை விரித்துச் சொல்ல முடியவில்லை. கேள்வி நல்ல கேள்வி. நம்மை மடக்குவதற்காகவே கேட்கப்பட்டிருந்தாலுங்கூட அது நல்ல கேள்வியேயாகும். கேள்வி கேட்பவனைப் பாவி என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல நாம். ஆகையால் இன்றைய பிரசங்கம் முழுவதையும் அந்த ஒரு கேள்விக்கே ஒதுக்கிவிட்டோம். அதற்கான பதிலை உங்கள் காட்டிலே நிற்கும் குச்சிக்கிழங்கின் வேரிலிருந்தே எடுத்துக் காட்டலாமென்று உத்தேசம்.

கிழங்கு எங்கிருந்து வந்தது?

முதலாவது, இந்தக் கிழங்கின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். நீங்கள் குச்சிக்கிழங்கு என்பதை மற்ற ஜில்லாக்காரர்கள் மரவள்ளி என்பார்கள். நாஞ்சில் நாட்டார் மரச்சீனி என்பார்கள். தென் அமெரிக்காவில், அமேசான் காட்டுப்புறத்தில் வாழ்ந்த பழங்குடி மக்கள் பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னே காட்டுச் செடியிலிருந்து பழக்கி எடுத்த பயிர் இது. போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இதைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு மலையாளக் கரைக்கும் வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசி தீர இதைப் பயிரிடும்படி ஊக்கினார். இரண்டாவது உலக யுத்த காலத்தில், 1940-களில், கடல் கடந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் தடைப்பட்டுப் போகவே, சேலத்தில் இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தலையெடுத்தது. 1981-இல் ஆலைக்காரர்களுக்கென்று சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இங்கே செய்த ஜவ்வரிசி மூட்டை மூட்டையாக வடக்கே போகிறது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஏகாதசி முதலிய விரத நாட்களில் அதைத்தான் கிண்டிச் சாப்பிடுகிறார்கள். அரிசியும் கோதுமையும் தின்றால் விரதம் கெட்டுவிடுமாம்; ஜவ்வரிசி தின்றால் கெடாதாம்! கொலம்பஸ் 1492-இல் கப்பலேறுவதற்கு முன்னே இந்த நாட்டு ரிஷி எவராவது இந்தக் கிழங்கைக் கண்டிருப்பாரா? காணாத பண்டத்திற்கு அனுமதி கொடுத்த சாஸ்திரம் எது? சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும். நம் குடியானவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் நாலு காசு கிடைக்கட்டும். ஆனால் அநாதியானது, மாற்ற முடியாதது என்று சொல்லப்படும் ஆசாரங்கள் எவ்வளவு சௌகரியமாக மாறிக்கொள்ளுகின்றன என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகுத் தண்ணீரில் கண்டது

நிற்க. கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கிறதென்று முதலில் கண்டவர் யார்? ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் இருந்த லேவன்ஹூக் என்னும் துணி வியாபாரி. அவர் சர்வகலாசாலையில் படித்தவரல்ல. அக்காலத்துப் பண்டித பாஷையாகிய லத்தீனும் அவருக்குத் தெரியாது. துணியின் இழையைப் பார்க்கப் பூதக்கண்ணாடி பிடித்துப் பழகிய கை, தானே சிறு சிறு கண்ணாடிகளைத் தேய்த்துச் செய்துகொண்டது. மிளகு ஏன் காரமாயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்தார். காரத்தின் காரணம் தெரியவில்லை. ஆனால் எண்ணத் தொலையாத சிற்றுயிர்கள் நீந்தி ஓடுவது தெரிந்தது. 1676-ஆம் வருஷம் அதை லண்டனிலிருந்த விஞ்ஞான சங்கத்துக்கு எழுதினார்.

அந்தச் சங்கத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? "ஆகா, மகான் கண்டார்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. ராபர்ட் ஹூக் என்பவரிடம் அதே மிளகுத் தண்ணீரைத் தயாரித்துப் பார்க்கச் சொன்னார்கள். முதலில் தெரியவில்லை. கண்ணாடியைத் திருத்திக்கொண்டு மறுபடியும் பார்த்தார். 1677-இல் அவர் கண்ணுக்கும் தெரிந்தது, கூடியிருந்தவர்களும் பார்த்தார்கள். துண்டுக் காகிதம் அனுப்பிய தோழரே! உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இல்லை என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. காற்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருவன் கண்டதாகச் சொன்னதை, அவனுக்கு வேண்டாதவனும் செய்து பார்த்துக் காணமுடியுமா என்பதே நம்முடைய கேள்வி.

வேரடியில் கொடுக்கல் வாங்கல்

இனி உங்கள் காட்டுக்கு வருவோம். வேரடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். கிருமி என்றவுடனே காலராவும் காசமும் நினைவுக்கு வந்து பயப்பட வேண்டாம். நோய் கொடுப்பவை அவற்றில் மிகச் சிலவே. மற்றவை மண்ணில் உழைத்துப் பிழைப்பவை.

செடி, இலையில் சூரிய வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. அதில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. அந்தக் கசிவைத் தின்ன வேரைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் கூடுகின்றன. கூடியவற்றில் சில, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. சில, மண்ணிலே கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கின்றன. சில, வேரழுகல் உண்டாக்கும் பகையுயிர்களை அண்டவிடாமல் தடுக்கின்றன. இவற்றோடு வேர்ப்பூஞ்சையும் சேர்ந்து, நூலைவிட மெல்லிய இழைகளைத் தூரத்திலே நீட்டி மணிச்சத்தை இழுத்து வருகிறது. குச்சிக்கிழங்கின் மெல்லிய வேர்கள் எண்ணிக்கையில் குறைவானபடியால், அது மற்றப் பயிர்களைவிட அதிகமாக இந்தப் பூஞ்சையை நம்பியிருக்கும் பயிர். கிழங்கோ வெறும் களஞ்சியம். நீர் உறிஞ்சுவதும் சத்து வாங்குவதும் இந்த மெல்லிய வேர்களேயாகும்.

இதெல்லாம் ஒரே நாளில் தெரிந்ததல்ல. நிலக்கடலை, உளுந்து, அவரை போன்ற செடிகளின் வேர் முடிச்சிலே காற்றிலிருந்து தழைச்சத்து சேருகிறதென்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகல் 1886-இல் வெளியிட்டார். அந்த முடிச்சிலிருந்து பாக்டீரியாவை ஹாலந்துக்காரர் பெயரிங்க் 1888-இல் தனியே பிரித்து வளர்த்தார். வேரைச் சுற்றிய மண்ணுக்கே ஒரு தனிப்பெயர் வைத்து, அதைத் தனி உலகமாகக் கருத வேண்டுமென்று 1904-இல் சொன்னவர் ஹில்ட்னர். முடிச்சு வைக்காத புல், தானியப் பயிர்களின் வேரிலும் இத்தகைய உழைப்பாளிகள் உண்டு என்று 1970-களில் உலகத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்தவர், குச்சிக்கிழங்கின் தாய்நாடாகிய பிரேசிலில் வேலை செய்த ஜோஹன்னா டோபரெய்னர் என்னும் பெண்மணி. நீங்கள் வேளாண்மை ஆபீசில் பாக்கெட்டாக வாங்குகிறீர்களே அசோஸ்பைரில்லம், அதைப் பிரபலப்படுத்தியவர் அவரே. பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று இன்னும் கேட்கிறவர்கள் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதாவது கொஞ்சம் யோசிக்க வேண்டுகிறோம்.

வறட்சி வந்தால் என்ன ஆகிறது?

இனி வறட்சிக்கு வருவோம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை நம் நாட்டில் 62 சதவிகிதம் குறைந்துபோனதையும், 1917 அல்ல, 2017 ஜனவரியிலேயே எல்லா ஜில்லாக்களையும் வறட்சி ஜில்லாக்கள் என்று சர்க்கார் அறிவிக்க நேர்ந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட வருஷத்தில் மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது?

குச்சிக்கிழங்கு கெட்டிக்காரப் பயிர். மண் காயத் தொடங்கியதும் இலையிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொள்ளும். பழைய இலைகளை உதிர்த்துவிடும். வேரை ஆழத்துக்கு அனுப்பும். ஆனால் துளையை மூடினால் காற்று உள்ளே போகாது. காற்றுப் போகாவிட்டால் சர்க்கரை உற்பத்தி குறையும். சர்க்கரை குறைந்தால் வேரில் கசியும் கூலியும் குறையும். கூலி குறைந்த இடத்தில் ஆள் நிற்பானா? அதுபோலவே வேரடிக் கூட்டமும் கலைகிறது.

இன்னொரு பக்கம், மண் துகளைச் சுற்றி மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கிறது. பாக்டீரியா அதிலேதான் நீந்துகிறது. அதன் வழியாகத்தான் அதற்கு ஆகாரம் வருகிறது. மண் காயக் காய அந்தப் படலம் அறுந்து துண்டு துண்டாகிறது. மிஞ்சிய நீரில் உப்பு ஏறுகிறது. உப்பிலிட்ட மாங்காய் சுருங்குவதுபோலப் பாக்டீரியாவின் உடலிலிருந்தும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. இந்த நிலையில் எல்லாப் பாக்டீரியாக்களும் ஒன்றுபோல நிற்பதில்லை. 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் டேனிஷ் வைத்தியர் ஒரு சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்தார். சிலவற்றின் சுவர் தடித்தது. ஊதாச் சாயம் போகாமல் நிற்கும். சிலவற்றின் சுவர் மெல்லியது. சாயம் கழுவிப் போய்விடும். பொதுவாகச் சொன்னால், வறட்சியில் மெல்லிய சுவருள்ளவை குறைந்து, தடித்த சுவருள்ளவை பெருகுகின்றன.

நிற்பவை செடிக்கு உதவுவதும் உண்டு. சில பாக்டீரியாக்கள் பிசின்போன்ற பசையைச் சுரந்து வேரோடு மண்ணை ஒட்டவைத்து ஈரத்தைப் பிடிக்கின்றன. சில வேறொரு காரியம் செய்கின்றன. வாழைத்தாரை மூடிப் பழுக்கவைக்கிறீர்களே, அங்கே வேலை செய்வது எத்திலீன் என்னும் வாயு. செடி துன்பப்படும்போது அதே வாயுவைத் தானே அதிகமாகச் செய்துகொள்ளுகிறது. அதனால் இலை உதிர்கிறது, வேர் வளர்ச்சி தடைப்படுகிறது. அந்த வாயு உண்டாவதற்கான மூலப்பொருளையே சில வேரடிப் பாக்டீரியாக்கள் தின்று தீர்த்து, செடியின் வேர் மேலும் கொஞ்சம் ஓட இடங்கொடுக்கின்றன.

சோதித்துப் பார்த்தவர்கள்

இதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? கலிபோர்னியாவில் சோள வயலில் ஒரு பகுதிக்கு நீர் விட்டும் மறு பகுதிக்கு விடாமலும் வைத்து, வாராவாரம் வேரை எடுத்துப் பார்த்தார்கள். நீரில்லாத பகுதியில் தடித்த சுவர்க் கூட்டமே மேலோங்கி நின்றது. மறுபடி நீர் விட்டதும் கூட்டம் பழையபடி திரும்பியது. இது 2018-இல் வெளிவந்தது. அதே வருஷத்தில் கனடாவில் 30 வகைச் செடிகளை வைத்துப் பார்த்தவர்கள், வறட்சியில் வேருக்குள்ளே ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் இனம் மிகுவதைக் கண்டார்கள். நெல்லை வைத்துப் பார்த்தவர்கள் 2021-இல் சொன்னதோ சற்று வேறு. நெடுநாள் வறட்சிப்பட்ட நெல்லின் வேருக்குள்ளே, திரும்ப நீர் விட்டபிறகும் வறட்சியின் அடையாளம் முழுவதும் மறையவில்லை என்றார்கள்.

பார்த்தீர்களா? சோளத்தில் ஒன்று, நெல்லில் ஒன்று. இதைக் கண்டு அவர்கள் வெட்கப்படவில்லை. இரண்டையும் அச்சிட்டு வெளியிட்டார்கள். ஆகவே ஒரு பயிரில் கண்டதை இன்னொரு பயிருக்கு அப்படியே வேதவாக்காக ஓதிவிடக்கூடாது. உங்கள் குச்சிக்கிழங்கைப் பற்றி உங்கள் மண்ணிலேதான் சோதிக்க வேண்டும்.

முதல் மழையும் மண்வாசனையும்

கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் ஒரு வாசனை எழுகிறதல்லவா? பூமாதேவி குளிர்ந்தாள் என்பார்கள். அந்த வாசனைக்குப் பெருங்காரணம் ஜியோஸ்மின் என்னும் ஒரு பொருள். அதைச் செய்வது, சற்றுமுன் சொன்னோமே வறட்சியைத் தாங்கி நிற்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ், அதுவேயாகும். 1965-இல் அமெரிக்காவில் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். காசநோயால் குடும்பம் குடும்பமாக மாண்டுகொண்டிருந்த காலத்தில், 1943-இல் கண்டெடுக்கப்பட்டுக் காசத்தைத் தீர்த்த முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின், இதே இனத்துப் பாக்டீரியாவிலிருந்து வந்தது. தன்வந்திரி கொடுக்காததை மண் கொடுத்தது. மண்ணைத் தோண்டித் தேடியவர்கள் கொடுத்தார்கள்.

முதல் மழைக்குப்பின் பயிர் திடீரென்று பச்சை கட்டுவதையும் நீங்கள் அறிவீர்கள். காய்ந்த மண் திடீரென நனையும்போது பல பாக்டீரியாக்கள் உடைந்து சாகின்றன. பிழைத்தவை அவற்றைத் தின்று பெருகுகின்றன. அதில் தழைச்சத்து வெளிப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பர்ச் என்பவர் 1958-இல் இதை விளக்கமாக அளந்து காட்டினார். வருணன் மனமிரங்கினான் என்பதில் அளக்க என்ன இருக்கிறது?

கிழங்கினுள் ஏறும் நஞ்சு

வறட்சி வேருக்கு வெளியே செய்வதைச் சொன்னோம். கிழங்குக்குள்ளேயும் அது ஒரு கெடுதல் செய்கிறது. குச்சிக்கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் ஒரு பொருள் இருக்கிறது. வறட்சியில் அது அதிகமாகிறது. தழையிலும் தோலிலும் அது மிகுதி. வறட்சி வருஷத்தில் மேய்ச்சலில்லாமல் ஆடு காட்டுக்குள் புகுந்து பச்சைத்தழையைத் தின்று சுருண்டு விழுகிறது. உடனே என்ன சொல்லுகிறோம்? கண்ணேறு என்கிறோம், முனி அடித்தது என்கிறோம். மந்திரிக்கிறவனுக்குக் கூலியும் கொடுக்கிறோம். ஆட்டையும் இழந்து காசையும் இழப்பதோடு காரணத்தையும் இழக்கிறோம். காரணத்தை இழந்தபடியால் அடுத்த வாரம் இன்னொரு ஆடு சாகிறது.

மனிதனுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் தேசத்தில் நம்புலா மாகாணத்தில் 1981-இல் கடும் வறட்சி. விளைந்தது கசப்புக் கிழங்கு ஒன்றே. வழக்கமாக அந்தப்பக்கத்து மக்கள் நாட்கணக்காக உலர்த்தியே உண்பார்கள். வேறு சில நாடுகளில் மூன்று நாள் தண்ணீரில் ஊறவைப்பதும் உண்டு. ஊறும் நீரில் பாக்டீரியாக்கள் பெருகிக் கிழங்கை நெகிழச் செய்ய, நஞ்சு பிரிந்து நீரோடும் காற்றோடும் போய்விடும். பசி பொறுக்காத அந்த வருஷத்தில் மக்கள் பக்குவம் செய்யும் நாட்களைக் குறைத்தார்கள். 1,100 பேருக்குமேல், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், இரண்டு கால்களும் விறைத்து நடக்கமுடியாதவர்களாகிப் போனார்கள். காங்கோ நாட்டில் இந்நோய்க்குக் 'கொன்சோ', அதாவது கட்டுண்ட கால் என்று பெயர். அப்போது அங்கே வைத்தியராயிருந்த சுவீடன் தேசத்து ஹான்ஸ் ரோஸ்லிங் முதலியோர் ஊர் ஊராகப்போய், யார் என்ன தின்றார்கள், எத்தனை நாள் பக்குவம் செய்தார்கள் என்று விசாரித்துக் காரணத்தைக் கண்டார்கள். தெய்வகுற்றம் என்று விட்டிருந்தால் இன்னும் எத்தனை கால்கள் கட்டுண்டிருக்கும்!

ஜபம் செய்த சர்க்கார்

இனி நம் நாட்டு யோக்கியதையைப் பார்ப்போம். மழையில்லாவிட்டால் கழுதைக்குக் கல்யாணம். கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து அழுவது. விராடபருவம் படிப்பது. கிராமத்தார் அறியாமையால் செய்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் 2019 ஏப்ரல் மாதத்தில் இந்து சமய அறநிலையத் துறையே கோவில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, வருண ஜபமும் யாகமும் செய்யச் சொல்லிற்று. நந்தியின் கழுத்துமட்டும் தண்ணீர் நிரப்ப வேண்டுமாம். அமிர்தவர்ஷிணி ராகம் வாசிக்க வேண்டுமாம். குடிக்கத் தண்ணீரில்லாமல் தாய்மார்கள் குடத்தோடு அலைந்த கோடையில், கல் நந்திக்குக் கழுத்தளவு தண்ணீர்!

"ஜபத்துக்குப்பின் மழை பெய்ததே" என்பார்கள். கோடையில் ஜபம் செய்தால் என்றைக்காவது மழை வராமலா போகும்? ஆடியிலும் ஆவணியிலும் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று பருவக்காற்று தன் கணக்கில் வருகிறது. ஜபம் செய்யாத பக்கத்து ஊரிலும் பெய்ததா, ஜபம் செய்த எத்தனை ஊரில் பெய்யவில்லை என்று எண்ணிப் பார்த்தவர் உண்டா? பெய்தால் ஜபத்தின் மகிமை. பெய்யாவிட்டால் மக்களின் பாவம். எப்படியானாலும் தோற்காத வியாபாரம் இதைப்போல வேறொன்றுண்டா?

நாம் செய்யக்கூடியது

"சரி, உங்கள் பாக்டீரியா மழை கொண்டுவருமா?" என்று கேட்பீர்கள். வராது. அப்படி நாம் சொன்னால் நாமும் ஒரு பூசாரியே. பெய்த மழையை மண்ணில் பிடித்துவைப்பதும், வேரடி உழைப்பாளிகளைப் பட்டினி போடாமலிருப்பதுமே நம் கையிலிருக்கும் காரியம்.

அறுவடையானபின் நோயில்லாத தழையையும் சருகையும் கொளுத்தாதீர்கள். நிலத்தின்மேல் மூடாக்காகப் போடுங்கள். மாவுப்பூச்சி பிடித்த செடியை மட்டும் அப்புறப்படுத்திவிடுங்கள். தொழுவுரம் போடுங்கள். ஆலைத் திப்பியையும் தோலையும் நன்றாக மட்கவைத்தே போடுங்கள். ஊடே உளுந்தோ நிலக்கடலையோ விதையுங்கள். ஆனால் முடிச்சுப் பாக்டீரியாவும் வறட்சியில் சீக்கிரம் வேலையை நிறுத்திவிடும் என்பதை நினைவில் வையுங்கள். நட்ட முதல் ஐந்து மாதத்துக்குள் வரும் வறட்சியே கிழங்கை அதிகமாகக் கெடுக்கும். ஆகவே இருக்கும் கொஞ்சத் தண்ணீரை அந்தக் காலத்துக்கு மிச்சப்படுத்துங்கள்.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மண்ணைத் திருத்த இரண்டு மூன்று வருஷமாகும். வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவன், அடுத்த வருஷம் இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதபோது, எப்படி வண்டி வண்டியாய் எரு அடிப்பான்? நிலக்காரர்களே! குத்தகைக்காரனை வருஷத்துக்கு வருஷம் மாற்றிவிட்டு, நிலம் செத்துப்போயிற்று என்று அழுவதில் நியாயமில்லை. வேரடியில் கூலி நின்றால் கூட்டம் கலைகிறதென்று பார்த்தோம். மேலே உள்ள மனிதனுக்கும் அதே கணக்குத்தான்.

இரண்டு விதமான சீட்டு

கடைசியாக, அந்தப் பாக்கெட் விஷயம். நுண்ணுயிர் உரப் பாக்கெட்டை விபூதிப் பொட்டலம்போல நம்பி வாங்காதீர்கள். அதில் இருப்பது உயிர். கடைவாசலில் வெயிலில் கிடந்த பாக்கெட்டில் வெறும் பிணந்தான் இருக்கும். காலாவதித் தேதி பாருங்கள். ரசாயன உரத்தோடும் பூச்சி மருந்தோடும் கலக்காமல், தொழுவுரத்தோடு கலந்து போடுங்கள். அப்படியும் உங்கள் மண்ணில் பலன் உண்டா என்று சோதித்துப் பாருங்கள்.

சோதிப்பது எப்படி? ஒரே மாதிரியான நிலத்தில் ஐந்து ஜோடிப் பாத்தி பிரியுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்குப் போடுங்கள், ஒன்றுக்குப் போடாதீர்கள். எதற்குப் போடுவதென்று சீட்டுக் குலுக்கி எடுங்கள். கோவிலில் சீட்டெடுப்பது சாமியின் எண்ணத்தை அறிவதற்கு என்கிறார்கள். இங்கே சீட்டெடுப்பது நம்முடைய ஆசை உள்ளே நுழையாமல் தடுப்பதற்கு. நல்ல பாத்தியாகப் பார்த்து மருந்து போட்டுவிட்டு, மருந்தின் மகிமை என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாதல்லவா? அறுவடையன்று, எந்தப் பாத்திக் கிழங்கு என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து நிறுக்கச் சொல்லுங்கள். ஐந்து ஜோடியிலும் எடை கூடியிருந்தால் அடுத்த வருஷமும் வாங்கிப் போடுங்கள். கூடவில்லையானால் விட்டுவிடுங்கள். நாம் சொன்னோமே என்பதற்காக ஒரு காசும் செலவழிக்காதீர்கள்.

காகிதம் அனுப்பிய தோழருக்கு இதுதான் மீதிப் பதில். கிருமியை நாம் நம்பவில்லை; சோதித்தோம், ஒப்புக்கொண்டோம். நாளைக்கு வேறுவிதமாகத் தெரிந்தால் மாற்றிக்கொள்ளுவோம். ஜபம் செய்கிறவர்களும் இதே தராசுக்கு வரட்டும். சீட்டுக் குலுக்கிப் பத்து ஊரில் ஜபம், பத்து ஊரில் ஜபமில்லை என்று வைத்து, பல வருஷம் மழையை அளந்து காட்டட்டும். மழை கூடினால் அதையும் ஒப்புக்கொள்ள நாம் தயார். வருவார்களா என்று கேளுங்கள்.

தோழர்களே! நாம் கல்லூரியில் விஞ்ஞானம் வாசித்தவர்களல்ல; படித்துத் தெரிந்துகொண்டதை உங்கள்முன் வைத்தோம். இதில் தவறிருந்தால் அடுத்த கூட்டத்தில் துண்டுக் காகிதம் அனுப்புங்கள். சரியென்று பட்டால், வரும் பட்டத்தில் குச்சி நடும்போது அந்தப் பத்துப் பாத்தியைப் பிரித்துவிடுங்கள். கிழங்கு பிடுங்கும் நாளில் தராசோடு நாமும் வருகிறோம்.